கூட்டமில்லாத மலையும் ஏரியும்: மேகமலையா, மன்னவனூரா, அவலாஞ்சியா?

மூன்று நாள் லீவு இருக்கிறது, மலையும் வேண்டும் ஏரியும் வேண்டும், ஆனால் ஊட்டி, கொடைக்கானல் நெரிசல் வேண்டவே வேண்டாம், எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது பத்துப் பதினைந்து ஊர்ப் பெயர்கள்தான். பெயர்களை வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது. ஓர் ஊர் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குச் சரிவரும், இன்னொன்று அவர்களுக்கு ஆகவே ஆகாது. ஒன்று ஜனவரியில் அருமையாக இருக்கும், அதே இடத்துக்கு மே மாதம் போனால் வற்றிப்போன அணையின் செம்மண் கரையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். அதனால் மூன்றே மூன்று இடங்களை எடுத்துக்கொள்கிறேன்: தேனி மாவட்டத்து மேகமலை, கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், கூக்கால் பக்கம், நீலகிரியில் எமரால்டும் அவலாஞ்சியும். யார் எதற்குப் போகலாம், எப்போது போகலாம், எதற்குப் போகக் கூடாது என்பதை நான் அங்கே பார்த்ததையும் பழகியதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கூட்டத்தைப் பற்றி. 2025 கோடையில் சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வைத்தது. வரம்பு வைத்த பிறகும் இத்தனை வண்டிகள் என்றால் வரம்பில்லாத காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வண்டிகள் மலை முழுக்கப் பரவுவதில்லை. 1820-களில் ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் வெட்டிய ஊட்டி ஏரி, 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் கட்டிய கொடைக்கானல் ஏரி, இந்த இரண்டையும் சுற்றித்தான் முக்கால்வாசிப் பேர் வட்டமடிக்கிறார்கள். ஏரியிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால் அதே குளிரும் அதே மஞ்சும் இருக்கும், ஹார்ன் சத்தம் மட்டும் இருக்காது.

அப்புறம் இன்னொன்று. ஒரு மலை அமைதியாக இருப்பதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். ரோடு மோசமாக இருக்கலாம், சாயங்காலம் கேட்டைப் பூட்டலாம், தங்க இடம் குறைவாக இருக்கலாம், காட்டிலாகா வண்டியில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கலாம். அந்தச் சிரமம்தான் கூட்டத்தைத் தடுத்து நிறுத்துகிறது. ஆகவே எந்த இடம் அழகு என்று கேட்பதைவிட, எந்தச் சிரமத்தை உங்களால், உங்களோடு வருகிறவர்களால் தாங்க முடியும் என்று கேட்டால் முடிவு சீக்கிரம் வந்துவிடும். இந்த மூன்று இடங்களையும் நான் அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன்.

மேகமலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்றில் என் மனசுக்கு நெருக்கமானது அதுதான். தேனி, சின்னமனூர் வழியாகப் போக வேண்டும். சின்னமனூரைத் தாண்டி தென்பழனி செக்போஸ்ட்டில் வனத்துறை வண்டியை நிறுத்திப் பார்க்கும், அங்கிருந்து ஏற்றம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயரை வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். ஏறும்போது வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுசாகக் கீழே கிடக்கும்: முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல், தென்னை, வாழை, திராட்சைப் பந்தல். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஹைவேவிஸ், மணலாறு, மேல்மணலாறு, வெண்ணியாறு, மகாராஜாமெட்டு, இரவங்கலாறு என்று வரிசையாகத் தேயிலை எஸ்டேட்டுகள். நடுநடுவே சுருளியாறு மின் திட்டத்துக்காகத் தேக்கிய அணைகள். அந்தத் தண்ணீர்தான் நாம் ஏரி என்று சொல்வது. தேயிலைச் சரிவு நேராக இறங்கி நீரில் முடியும், அக்கரையில் சோலைக்காடு. சாயங்காலம் அந்த அக்கரைக்கு யானைகள் இறங்கி வருவதைச் சாலையில் நின்றபடியே பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால்.

இங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை, இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போட்டிங் கிடையாது, கடைத்தெரு கிடையாது, வேடிக்கை காட்ட எதுவும் கிடையாது. காலையில் எஸ்டேட் ரோட்டில் நடக்கலாம், மத்தியானம் மழை வந்தால் ஜன்னலோரம் உட்காரலாம், நாலு மணிக்கு மேல் இலை எடை போடுகிற இடத்துக்குப் போய் நிற்கலாம். அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன். பச்சை இலை திணித்த சாக்குகளைத் தலையில் சுமந்துகொண்டு பெண்கள் சரிவிலிருந்து இறங்குவார்கள். முழங்கால் வரை சாக்குத் துணி, அதன்மேல் பிளாஸ்டிக் சுற்றியிருப்பார்கள், ஈரத்துக்கும் அட்டைக்கும். தராசில் சாக்கை மாட்டியதும் கணக்குப்பிள்ளை எடையைச் சத்தமாகச் சொல்வார், அதை அந்த அக்கா தன் கையிலிருக்கும் சின்ன நோட்டிலும் குறித்துக்கொள்வார். கூட ஒரு கிலோ, குறைவாக ஒரு கிலோ என்றால் அங்கேயே பேச்சு நடக்கும். ஒருவர் என்னிடம், "என்ன தம்பி, பார்க்க வந்தீங்களா? ஒரு நாள் எங்ககூட ஏறிப் பாருங்க" என்றார். ஊர் சுற்ற வந்த நமக்குப் பச்சைக் கம்பளமாகத் தெரிவது அவர்களுக்கு வேலை செய்யும் இடம் என்பது அந்தத் தராசின் முன்னால் நிற்கும்போது தெளிவாகத் தெரியும். செடிக்குள் இறங்கிப் படம் எடுக்கும் வழக்கத்தை அதற்கப்புறம் யாரும் விட்டுவிடுவார்கள்.

சரி, சிரமம் என்ன? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காலை ஆறு வரை மலைச்சாலையில் வண்டி விடமாட்டார்கள். 2021-இல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது, அதனால் இந்த விதியில் தளர்வை எதிர்பார்க்க வேண்டாம், எதிர்பார்க்கவும் கூடாது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் கிளம்பி, செக்போஸ்ட்டுக்கு ஆறரைக்கு வந்து நின்று, சின்னமனூரிலோ தேனியிலோ ரூம் தேடி அலைவது அடிக்கடி நடக்கிறது. ஹைவேவிஸ் வரைக்கும் ரோடு முன்பைவிட எவ்வளவோ மேல், அதற்கு அப்பால் மகாராஜாமெட்டு, இரவங்கலாறு பக்கம் கல்லும் குழியும்தான், தரை தாழ்ந்த காரை வைத்துக்கொண்டு போகவேண்டாம். பெட்ரோல் பங்க் மேலே இல்லை, சின்னமனூரிலேயே டேங்கை நிரப்பிவிட வேண்டும், கையில் பணமும் வைத்திருக்க வேண்டும். செல்போனில் பி.எஸ்.என்.எல். ஓரளவு எடுக்கும், மற்றதை நம்ப முடியாது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் தேனிக்குத்தான் இறங்க வேண்டும், அதுவும் ராத்திரியில் என்றால் யோசித்துப் பாருங்கள். இதயநோய் உள்ள பெரியவர்கள், அடிக்கடி மூச்சிரைப்பு வரும் குழந்தைகள் கூட இருந்தால் நான் மேகமலையைச் சொல்லமாட்டேன்.

யானை என்றால் பொம்மை யானை இல்லை. 2023 ஏப்ரல் கடைசியில் கேரளத்தின் சின்னக்கானலிலிருந்து பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற யானை மே மாதம் மேகமலைக்குள் வந்து சுற்றியது, பிறகு கம்பம் நகருக்குள்ளேயே இறங்கியது. அந்தச் சமயத்தில் மேகமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை அடியோடு நிறுத்திவிட்டார்கள். ஜூனில் பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்ட பிறகுதான் அந்தப் பரபரப்பு அடங்கியது. எனவே முன்பதிவு செய்துவிட்டோம் என்பதற்காக மட்டும் கிளம்பிவிடாமல், முதல் நாள் தங்குமிடத்துக்குப் போன் போட்டு ரோடு திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மாதம் எது? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, டிசம்பர் பாதிக்கு மேல் பிப்ரவரி வரை. அணையில் தண்ணீர் நிறைந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், குளிரும் தாங்கும்படியாக இருக்கும். ஜூன், ஜூலையில் சாரலும் மேகமும் அழகுதான், பெயருக்கேற்றபடி மேகம் வீட்டுக்குள் வந்துபோகும், ஆனால் அட்டைக்கடி நிச்சயம். ஏப்ரல், மே மாதங்களில் மின்சாரத்துக்காகத் தண்ணீரை எடுத்துவிடுவதால் நீர்மட்டம் இறங்கிக் கரையில் செம்மண் படிக்கட்டுபோல வரிவரியாகத் தெரியும். ஏரிக்காக வருகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்க்கவும். ரயிலில் வருவதானால் தேனி வரை பாதை வந்துவிட்டது, அங்கிருந்து சின்னமனூருக்கு பஸ், சின்னமனூரிலிருந்து மலைக்கு நாளைக்குச் சில பஸ்கள்தான். பஸ்ஸில் ஏறிப் போவது நல்ல அனுபவம், எஸ்டேட் ஜனங்கள் சாமான் மூட்டையோடு ஏறி இறங்கிக்கொண்டே வருவார்கள்.

இப்போது மன்னவனூர். கொடைக்கானல்காரர்கள் மலையை மேல்மலை, கீழ்மலை என்று பிரித்துச் சொல்வார்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, கூக்கால் எல்லாம் மேல்மலை. கொடைக்கானலிலிருந்து அப்சர்வேட்டரி தாண்டிப் போகும் சாலை. டூரிஸ்ட் வண்டிகளில் பெரும்பகுதி குணா குகை, பைன் காடு பக்கம் திரும்பிவிடும், இந்தப் பக்கம் வருபவை குறைவு. இருபது கிலோமீட்டர் போல் போனால் பூம்பாறை. சாலையிலிருந்து பார்த்தால் கிண்ணத்துக்குள் வைத்த மாதிரி ஊர், சுற்றிலும் படிப்படியாக வயல், குழந்தை வேலப்பர் கோவில். கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேல் மலைப்பூண்டு. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் சின்னதாக, காரம் சுருக்கென்று, வாசனை கையை விட்டுப் போகாது. தாளோடு கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பதை விவசாயி வீட்டிலேயே வாங்கலாம், கொடைக்கானல் கடைகளில் கலப்படம் இருக்குமோ என்ற கவலை இல்லை.

பூம்பாறையைத் தாண்டி இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மன்னவனூர். மலை உச்சியில் இவ்வளவு பெரிய புல்வெளி இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வளைந்து வளைந்து இறங்கும் புல்மேடு, அடியில் சின்ன ஏரி. வனத்துறையின் சூழல் சுற்றுலா மையம் இருக்கிறது, பரிசல் விடுகிறார்கள். பக்கத்திலேயே மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம், 1965 முதல் இயங்குகிறது. பாரத் மெரினோ ஆடுகள் மேய்வதையும் முயல் கூடங்களையும் பார்க்கலாம். குழந்தைகளை அங்கேயிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். வெள்ளை மெரினோ ஆட்டின் முதுகு மயிரை விரலால் பிரித்தால் வெளியே அழுக்கேறிய சாம்பல் நிறம், உள்ளே தோலை ஒட்டி வெண்ணெய் போன்ற நிறத்தில் சுருள் சுருளாகக் கம்பளி, கையில் பிசுபிசுவென்று ஒட்டும். பண்ணை ஊழியர் ஒருவர் இப்படிப் பிரித்துக் காட்டியபோது கூட வந்த பையன் ஸ்வெட்டரை இழுத்து மூக்கில் வைத்து மோந்து பார்த்தான்.

மன்னவனூரின் சாதகம் இதுதான்: இடம் விரிவானது, நடப்பதற்குச் சரிவு மென்மையானது, பெரியவர்கள்கூடப் புல்லில் உட்கார்ந்துவிடலாம். தங்கக் கிராமத்து வீடுகள் உண்டு. கொடைக்கானலிலிருந்து அரசு பஸ் போகிறது. அவசரமென்றால் ஒன்றரை மணி நேரத்தில் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், நடுவில் எந்த கேட்டும் இல்லை. வயதான அம்மா அப்பாவையும் குழந்தைகளையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு மூன்றில் இதுதான், வேறு யோசனையே வேண்டாம்.

பாதகம்? கூட்டம் முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. சனி, ஞாயிறுகளில் காலை பதினொன்று முதல் மூன்று மணி வரை கொடைக்கானலிலிருந்து ஜீப்புகள் வரும், பரிசலுக்கு வரிசை நிற்கும். நாலு மணிக்கு எல்லாரும் திரும்பிவிடுவார்கள். ஆகவே கொடைக்கானலில் தங்கிக்கொண்டு மன்னவனூரைப் பகலில் பார்த்துவிட்டு வருவது எனக்குச் சம்மதமில்லாத ஏற்பாடு. தங்குவதானால் மேல்மலையிலேயே தங்க வேண்டும், அப்போதுதான் காலை ஏழு மணி ஏரியும் மாலை ஐந்து மணிப் புல்வெளியும் உங்களுக்குக் கிடைக்கும். நடுப்பகலில் ஏரியை ஜீப்காரர்களுக்கு விட்டுவிட்டுக் கூக்காலுக்குப் போய்விடுங்கள். கூக்கால் ஏரி இன்னும் சின்னது, கரையில் கடைகள் என்று பெரிதாக எதுவும் இல்லை, பக்கத்துச் சோலையில் பறவை பார்க்கிறவர்கள் மணிக்கணக்காக நிற்பார்கள். மழைக்காலத்தில் அங்கேயும் அட்டை உண்டு. கிளாவரை வரை போனால் சாலை முடிந்துவிடும், அதற்குமேல் காடு.

கொடைக்கானல் வட்டாரம் என்பதால் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயம், அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இருபது ரூபாய் பசுமை வரி வைத்திருக்கிறார்கள், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. தெற்கே பேரிஜம் ஏரியைப் பற்றியும் கேட்பார்கள். பேரிஜம் அழகான ஏரி, ஆனால் வனத்துறை அனுமதியோடு நாளொன்றுக்குக் குறிப்பிட்ட வண்டிகள்தான், யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடுவார்கள். கிடைத்தால் ஒரு காலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

மூன்றாவது அவலாஞ்சி. ஊட்டியிலிருந்து எமரால்டு இருபது கிலோமீட்டர் சுமார், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் மேலே அவலாஞ்சி. 1823-இல் நடந்த பெரிய மண்சரிவிலிருந்து வந்த ஆங்கிலப் பெயர். எமரால்டு, அவலாஞ்சி இரண்டு அணைகளும் குந்தா மின் திட்டத்தைச் சேர்ந்தவை, கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு உதவியோடு கட்டியவை. நீர்ப்பரப்பின் அளவில் மூன்று இடங்களில் இதுதான் பெரிது. கரையோரம் யூகலிப்டஸும் தேயிலையும், மேலே குந்தா மலைத்தொடர், அதற்கப்பால் முக்குருத்தி தேசியப் பூங்கா. எமரால்டு ஊர் பிழைப்பு நடத்துகிற ஊர், சுற்றுலாவுக்காகப் போட்ட வேஷம் இல்லை: ஹட்டி என்று சொல்லும் படுகர் கிராமங்கள், கேரட் வயல்கள், இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக அரசு ஏற்படுத்திய தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள். டான்டீ என்று நாம் சொல்லும் தேயிலைத் தோட்டக் கழகம் 1968-இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது அதற்காகத்தான். டீக்கடையில் உட்கார்ந்து பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கண்டி, நுவரெலியா, பதுளை என்று ஊர்ப்பெயர்கள் வரும், அந்தத் தலைமுறை இப்போது மிகவும் குறைந்துவிட்டது. தங்குகிற வீடு படுகர் வீடாக அமைந்தால் அவரைக் குழம்பும் ராகிக் களியும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், குளிருக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு கிடையாது.

அவலாஞ்சியில் நீங்கள் நினைத்த இடத்துக்கெல்லாம் போக முடியாது. வனத்துறை வாசலில் சொந்த வண்டியை நிறுத்திவிட்டு, அவர்களுடைய வண்டியில்தான் உள்ளே போய் வரவேண்டும். சோலைக்காட்டுக்கு நடுவே பவானியம்மன் கோவில், லக்கிடி காட்சிமுனை என்று கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பலருக்கு இது பிடிப்பதில்லை, பத்து நிமிஷம் இறங்கிப் பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்பார்கள். நான் இந்த ஏற்பாட்டின் பக்கம்தான் நிற்பேன். சோலை என்பது நட்டு வளர்க்க முடிகிற தோப்பு இல்லை, மடிப்பு மடிப்பான பள்ளங்களில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஓடைகளை ஆண்டு முழுக்க ஓடவைக்கிற பழங்காடு. பவானிக்குத் தண்ணீர் வருவது இந்த மலைகளிலிருந்துதான், அந்தத் தண்ணீரைக் குடிக்கிற சமவெளி ஊர்கள் எத்தனை என்று பாருங்கள். ஆயிரம் கார்களை உள்ளே விட்டால் பத்து வருஷத்தில் அதுவும் இன்னொரு பைன் காடு பார்க்கிங் ஆகிவிடும். மேல்பவானி, கொரக்குந்தா பக்கம் கட்டுப்பாடு இன்னும் அதிகம். யாரோ தெரிந்தவர் மூலமாக உள்ளே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள்.

காலநிலையில் அவலாஞ்சி ஒரு முரட்டு இடம். 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது இங்கேதான். சென்னையில் ஒரு வருஷத்தில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பக்கத்தை நினைக்கவே வேண்டாம், மண்சரிவு வந்தால் பாதை துண்டித்துவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி, புல்வெளி விடிகாலையில் வெள்ளையாகக் கிடக்கும், தண்ணீர்க் குழாயில் நீர் வராது. இரண்டுக்கும் நடுவே செப்டம்பர் பாதி முதல் நவம்பர் வரை அணைகள் ததும்பி நிற்கும், மழை இடைவிட்டு வரும். ஏரிக்காகவே போகிறவர்கள் அந்தக் காலத்தைப் பிடியுங்கள். அணைக்கரையில் இறங்கிக் குளிக்கிற ஆசை மட்டும் வேண்டாம். கரை வண்டல் சேறு, கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும், திடீரென்று ஆழம். நீச்சல் தெரிந்தவர்களே மாட்டிக்கொண்ட இடங்கள் இவை.

வந்து சேரும் வசதியில் எமரால்டுதான் முன்னால் நிற்கிறது. சென்னையிலிருந்து ராத்திரி ரயிலேறி மேட்டுப்பாளையத்தில் இறங்கலாம், கோவைக்காரர்களுக்கு அரை நாள் பயணம். ஊட்டி நகருக்குள் நுழையவே பிடிக்காதவர்களுக்குக் காரமடை, கெத்தை, மஞ்சூர் வழி இருக்கிறது, 43 கொண்டை ஊசி வளைவு. வண்டிகள் குறைவு, காட்சி பிரமாதம், யானைகள் அதிகம். அந்த வழியில் பகல் வெளிச்சத்தில் மட்டும் போங்கள், வளைவில் யானை நின்றால் ஹார்ன் அடிக்காமல், இஞ்சினை அணைக்காமல் தள்ளி நின்று காத்திருங்கள், அது தானாக நகரும். முந்துகிற வண்டிதான் மாட்டிக்கொள்ளும்.

வேறு பெயர்களும் உங்கள் பட்டியலில் இருக்கும். வால்பாறை அருமையான ஊர், சோலையாறு அணையும் புல்மலை ஓரமும் மறக்கமுடியாதவை, ஆனால் அதைத் தெரியாத ஊர் என்று இனிச் சொல்ல முடியாது, வார இறுதியில் ஆழியாறு செக்போஸ்ட்டில் வரிசை நிற்கிறது. கொல்லிமலை எழுபது வளைவு ஏறியதற்கு ஆகாய கங்கை அருவி போதும், ஆனால் ஏரிக்காகப் போகிற மலை அது இல்லை, ஆடிப்பெருக்கு சமயத்தில் சங்ககால வள்ளல் வல்வில் ஓரியின் விழாவுக்கு மலையே நிரம்பிவிடும். சென்னையிலிருந்து இரண்டே நாள்தான் என்றால் ஜவ்வாது மலை. உயரம் குறைவு, கோடையில் வெயில் அடிக்கும், ஆனால் ஆளரவமே இல்லாத சாலைகள், சாமை வயல்கள், காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி. குளிர்காலத்து இருட்டில் அங்கே வானத்தைப் பார்த்தவர்கள் ஏரி வேண்டும் என்று கேட்கமாட்டார்கள்.

எந்த இடமானாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம்: அனுமதியில்லாத காட்டுப்பாதையில் நடக்க வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் மாட்டி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். கோடையில் காய்ந்த மலைப்புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது அந்த மலைச்சரிவில் நின்று பார்த்தால்தான் புரியும், ஓடுகிற ஆளைவிட நெருப்பு வேகமாக மேலேறும். நடக்கத்தான் வேண்டும் என்றால் வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் நாற்பது பாதைகள் இருக்கின்றன, ஆன்லைனில் பதிவு செய்துகொண்டு பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு மலைவாழ் இளைஞர்களுக்குச் சம்பளமாகப் போகிறது, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

சரி, என் முடிவுகள். மே மாத லீவில்தான் போக முடியும், குழந்தைகள், பெரியவர்கள் எல்லாரும் வருகிறார்கள் என்றால் மன்னவனூர், கொடைக்கானலில் இல்லாமல் மேல்மலைக் கிராமத்திலேயே இரண்டு ராத்திரி. இ-பாஸை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். அங்கே ஏரி சின்னது என்றாலும் மின்சாரத்துக்காக இறக்கிவிடுகிற தண்ணீர் இல்லை, அணைகளைப் போல மே மாதத்தில் ஏமாற்றாது. காலாண்டு விடுமுறையோ தீபாவளிக்கு முன்பின்னோ கிடைக்கிறது, கோவை, ஈரோடு, சேலம் பக்கத்து ஆட்கள், தண்ணீர்தான் முக்கியம் என்றால் எமரால்டில் தங்கிக் காலையில் முதல் வண்டியில் அவலாஞ்சி. ஊட்டிக்குத் திரும்பி வராமலேயே மஞ்சூர் வழியாக இறங்கிவிடலாம். பொங்கலை ஒட்டி நாலு நாள் இருக்கிறது, நீங்களும் உங்களுக்குப் பிடித்த இரண்டொருவரும்தான், போன் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்பவர்கள் மேகமலைக்குப் போங்கள். மூன்றில் ஒன்றைத்தான் என் நண்பனுக்குச் சொல்ல முடியும் என்றால் ஜனவரி மேகமலையைத்தான் சொல்வேன், கொஞ்சமும் தயங்கமாட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன் தங்குமிடக்காரரிடம் நாலு கேள்வி கேளுங்கள். அணையில் அல்லது ஏரியில் இப்போது தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது? போன வாரம் மழையில் ரோடு எங்கேயாவது போயிருக்கிறதா? யானை நடமாட்டத்தால் வனத்துறை எந்தப் பாதையையாவது மூடியிருக்கிறதா? சாயங்காலம் கேட் எத்தனை மணிக்கு? நாலுக்கும் நேராகப் பதில் சொல்கிறவர் அந்த மலையிலேயே இருக்கிறவர், அவரிடம் தங்கலாம். "எல்லாம் பார்த்துக்கலாம் சார், நீங்க வாங்க" என்கிறவர் பெரும்பாலும் கீழே ஊரில் உட்கார்ந்துகொண்டு ரூம் விற்கிறவராக இருப்பார். அந்த போனை வைத்துவிட்டு அடுத்த நம்பரைப் போடுங்கள்.